சொக்கலிங்கத்தின் மகள் எழுதிய சிரிப்புப் புத்தகம்



இம்முறை உங்களோடு ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அது மார்க்க நூல் அல்ல, சமையல் நூலும் அல்ல. மக்களைச் சிரிக்க வைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு பெண், பிள்ளைப் பருவம் முதல் தன் முப்பத்திரண்டாம் வயது வரை நடந்தவற்றைத் தானே எழுதிய நூல். மௌலவிக்கு இதில் என்ன வேலை என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். தாராளமாகக் கேளுங்கள். கட்டுரையைப் படித்து முடித்துவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது.

குருநகரில் நான் குடியிருக்கும் ஒழுங்கையில் கனடாவிலே சொந்தபந்தம் இல்லாத வீடு குறைவு. அங்கிருந்து பொதி வந்தால் சொக்கலேட்டும் சவர்க்காரமும் மாத்திரைப் போத்தல்களும் இருக்கும். பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவச் சகோதரிக்கு வந்த ஒரு பொதியில் இளஞ்சிவப்பு அட்டை போட்ட ஆங்கிலப் புத்தகம் ஒன்றும் இருந்தது. அவருடைய மகள் அதைப் படித்துவிட்டு என் மனைவியிடம் கொடுத்தாள். மனைவி குசினியில் இருந்து தனியே சிரிக்கும் சத்தம் கேட்டுத்தான் நான் போய் வாங்கிப் பார்த்தேன். என் ஆங்கிலம் அரபுக் கல்லூரியில் ஓரமாகப் படித்த ஆங்கிலம். அகராதியும் மகளும் துணைக்கு வந்தார்கள்.

நூலை எழுதியவர் பெயர் மிண்டி கேலிங். 2011ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் வெளியாகி நன்றாக விற்ற நூல் இது. 'எல்லோரும் என்னை விட்டுவிட்டுக் கூடித் திரிகிறார்களா?' என்பது தலைப்பின் பொருள். அதன் கீழே அடைப்புக்குறிக்குள் 'இன்னும் சில கவலைகளும்' என்று வேறு போட்டிருக்கிறார். பள்ளிக்கூடம் போகும் எந்தப் பெண்பிள்ளையின் மனதிலும் ஒரு நாளாவது வந்து போகும் கேள்வியல்லவா இது! கலியாண வீட்டில் மற்ற மச்சிமாரெல்லாம் ஓர் அறையில் கூடிப் பேசிக்கொண்டிருக்க, தன்னை யாரும் கூப்பிடவில்லையே என்று வாசலில் நின்று பார்த்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும்.

கேலிங் என்ற பெயரைப் பார்த்து வெள்ளைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அது 'சொக்கலிங்கம்' என்ற நம் தமிழ்ப் பெயரின் பின்பாதி. தகப்பனார் ஆவு சொக்கலிங்கம் தமிழர், கட்டடக் கலைஞர். தாயார் சுவாதி வங்காளத்தவர், மகப்பேற்று மருத்துவர். இருவரும் சந்தித்தது ஆபிரிக்காவில், நைஜீரியாவில். ஒரு மருத்துவமனையில் அவர் மருத்துவம் பார்க்க, அதன் கட்டட வேலையை இவர் மேற்பார்த்துக் கொண்டிருந்தாராம். 1979இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் மகள் பிறந்தாள். அமெரிக்கர் வாயில் நுழையக்கூடிய பெயராக இருக்கட்டும் என்று, நைஜீரியாவில் இருந்தபோது பார்த்த ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகத்திலிருந்து 'மிண்டி' என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

முதற்பெயர் நுழைந்தது. தகப்பன் பெயர் நுழையவில்லை. இளம் வயதில் மேடையேறி நகைச்சுவை பேசப் போன இடங்களில், இவரை அழைக்கும் அறிவிப்பாளர்கள் 'சொக்கலிங்கம்' என்பதை உச்சரிக்க முடியாமல் தடுமாறுவார்கள். தடுமாறியதோடு விட்டால் பரவாயில்லை. அந்தப் பெயரையே பகிடியாக்கி ஒரு சிரிப்பு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இவர் மேடைக்கு வருமுன்பே இவருடைய வாப்பாவின் பெயர் சிரிப்புக்கு ஆளாகிவிடும். அதனால்தான் பெயரைச் சுருக்கினார். நூல் முழுக்கச் சிரிக்க வைத்தாலும், யார் சிரிக்கிறார்கள், யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்ற கணக்கு இந்தப் பெண்ணின் மனதில் சிறு வயதிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது என்பது படிக்கும்போது புரிகிறது.

அவர் குண்டான பிள்ளை. கறுத்த பிள்ளை. கண்ணாடி போட்ட பிள்ளை. விளையாட்டு வராது. புத்தகப் பூச்சி. இப்படிப்பட்ட ஒரு பிள்ளை நம் குடும்பங்களில் இருந்தால் அவள் பாடு என்ன என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் இவருடைய உடம்பைச் சொல்லிச் சொல்லியே கேலி செய்கிறான். இவர் பட்டினி கிடந்து மெலிகிறார். அப்போதாவது விட்டானா? பழைய உருவத்தை நினைவுபடுத்திச் சிரிக்கிறான். கேலி செய்பவனுக்கு வேண்டியது உங்கள் உடம்பில் இல்லை, நீங்கள் மெலிந்து என்ன பயன் என்று அந்தப் பக்கத்தில் எழுதப்படவில்லை. ஆனால் படிக்கிறவருக்கு அது விளங்கிவிடுகிறது.

இன்னோர் இடம் எனக்குப் பிடித்தது. பள்ளியில் அவருக்கு ஒரு தோழியர் கூட்டம் இருக்கிறது. நால்வர், எப்போதும் ஒன்றாக இருப்பவர்கள். ஆனால் சனிக்கிழமைகளில் இரகசியமாக வேறொரு தோழியின் வீட்டுக்குப் போவார். கூட்டத்தார் பார்வையில் அந்தத் தோழி சற்று விநோதமானவள். ஆனால் நகைச்சுவை நாடகங்களைப் பார்த்து வரிக்கு வரி மனப்பாடம் செய்து நடித்துப் பார்க்கும் பைத்தியம் அவளுக்கும் உண்டு. போகப் போக மிண்டிக்கு விளங்குகிறது: கூட்டத்தோடு இருக்கும் ஐந்து நாளில் தான் சிரிப்பதில்லை, சனிக்கிழமையில்தான் சிரிக்கிறேன். மெல்ல மெல்லக் கூட்டத்தை விட்டுச் சனிக்கிழமைத் தோழியின் பக்கம் வந்துவிடுகிறார். மகளுக்கு நல்ல சிநேகிதியை எப்படி அடையாளம் காட்டுவது என்று கேட்கும் தாய்மாருக்கு இந்த அத்தியாயம் ஒன்றே போதும்.

பல்கலைக்கழகம் முடித்து 2001இல் நியூயோர்க் நகருக்கு வந்தார். வேலை இல்லை. பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலை செய்தார். பிறகு, இறந்தவர்களோடு பேசுகிறேன் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எடுபிடி வேலை. (இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நம்மூரில் தாயத்துக் கட்டி ஜின் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் கூட்டம் கூடும் என்று நினைத்திருந்தேன்.) அந்த நாட்களில் தோழி பிரெண்டா விதர்ஸோடு சேர்ந்து, இரண்டு பிரபல ஆண் நடிகர்களைப் பகிடி செய்து ஒரு நாடகம் எழுதினார். இரண்டு பெண்களுமே ஆண் வேடம் கட்டினார்கள். 2002இல் நியூயோர்க்கில் நடந்த நாடக விழாவில் அதற்கு முதற் பரிசு கிடைத்தது. ஒரு நாள் மேடையிலே சண்டைக் காட்சியில் கை தவறி, தோழியின் மூக்கை உடைத்தே விட்டார்! ரத்தம் கொட்டுகிறது, பார்வையாளர் திகைத்து நிற்கிறார்கள்.

இதைவிடப் பெரிய பகிடி பிறகு வருகிறது. இந்த இரு தோழிகளின் வாழ்க்கையையே தொலைக்காட்சி நாடகமாக எடுக்க ஒரு நிறுவனம் முன்வந்தது. நாடகத்தின் பெயரே 'மிண்டியும் பிரெண்டாவும்'. மிண்டி பாத்திரத்துக்கு நடிகை தேட வேண்டும் என்று தேர்வு வைத்தார்கள். மிண்டியும் போய்த் தேர்வு எழுதுவது போல நடித்துக் காட்டினார். 'மிண்டியாக நடிக்க நீங்கள் பொருத்தமில்லை' என்று அனுப்பிவிட்டார்கள்! சகோதரிகளே, ஒருவரை அவராக இருக்கவே தகுதியில்லை என்று சொல்வதைவிட ஓர் அவமானம் உண்டா? அதை அவர் எழுதியிருக்கும் விதத்தில் நம் வயிறு புண்ணாகிப் போகிறது. அந்த நாடகம் கடைசியில் ஒளிபரப்பாகவே இல்லை என்பது வேறு கதை.

ஆனால் அதற்கு முன்பே, அவர்களுடைய மேடை நாடகத்தைப் பார்த்த கிரெக் டேனியல்ஸ் என்ற தயாரிப்பாளர், 'தி ஆபீஸ்' என்ற நகைச்சுவைத் தொடருக்கு எழுத மிண்டியை அழைத்துக்கொண்டார். அப்போது வயது இருபத்து நான்கு. எழுத்தாளர் அறையில் இருந்த எட்டுப் பேரில் பெண் இவர் ஒருவரே. 2005 முதல் ஒளிபரப்பான அந்தத் தொடரில் எழுதினார், நடிக்கவும் செய்தார். 2010இல் அமெரிக்காவின் எம்மி விருதுக்கு எழுத்தாளராகப் பரிந்துரைக்கப்பட்டார்.

நம் தமிழில் சிரிக்க வைத்த பெண்கள் இல்லாமலா போனார்கள்? கலைவாணரோடு இணைந்து டி.ஏ. மதுரம் சிரிக்க வைத்தார். மன்னார்குடியில் பிறந்து, பள்ளத்தூரில் வளர்ந்து, நாடக மேடையில் 'பள்ளத்தூர் பாப்பா'வாகப் பெயர் எடுத்த மனோரமா, 1958இல் சினிமாவுக்கு வந்து, 2015இல் மறையும் வரை ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்தார். யாழ்ப்பாணத்திலும் அந்தப் படங்களுக்குக் கூட்டம் அலைமோதியது. ஆனால் அந்தப் படங்களில் பெண் நகைச்சுவை என்றால் என்ன? பெரும்பாலும் அவள் உருவம், அவள் நடை, அவளுக்கு வாய்க்காத மாப்பிள்ளை. எழுதியவர்களும் ஆண்கள். மிண்டியின் நூலில் எனக்குப் புதிதாக இருந்தது இதுதான்: பகிடிக்கு ஆளானவளே பேனாவையும் கையில் எடுத்திருக்கிறாள்.

பெண்கள் சிரிப்பதைப் பற்றி மார்க்கம் பேசுவோரில் சிலர் முகத்தைச் சுளிப்பதை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்காகவும் உங்களுக்காகவும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சம்பந்தப்பட்ட இரண்டு நிகழ்ச்சிகளை இங்கே அடுத்தடுத்து வைக்கிறேன்.

முதலாவது. அன்னையவர்கள் இறைச்சியும் மாவும் சேர்த்து ஒரு கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தார்கள். அங்கே அன்னை ஸவ்தா (ரலி) அவர்களும் இருந்தார்கள். சாப்பிடுங்கள் என்றார்கள் ஆயிஷா. ஸவ்தா மறுத்தார்கள். சாப்பிடாவிட்டால் முகத்தில் பூசிவிடுவேன் என்றார்கள். அப்போதும் மறுக்கவே, சொன்னபடி எடுத்துப் பூசியே விட்டார்கள்! நடுவில் அமர்ந்திருந்த நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்தார்கள். அதோடு நிற்கவில்லை. ஸவ்தா அவர்களும் பதிலுக்குப் பூச வசதியாகத் தம் காலைத் தாழ்த்திக் கொடுத்தார்கள். இப்போது இரு முகத்திலும் கஞ்சி. அந்நேரம் வெளியே உமர் (ரலி) அவர்களின் குரல் கேட்டது. எழுந்து முகத்தைக் கழுவிக்கொள்ளுங்கள் என்று இருவரிடமும் சொன்னார்கள் பெருமானார். அபூயஃலாவும் நஸாயீயும் பதிவு செய்த செய்தி இது.

இரண்டாவது. அதே ஆயிஷா அன்னை, இன்னொரு சமயம், அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் குட்டை உருவத்தை ஒரே ஒரு வார்த்தையால் சுட்டிவிட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் சிரிக்கவில்லை. நீர் சொன்ன அந்தச் சொல்லைக் கடல் நீரில் கலந்தால் கடலே கெட்டுப்போகும் என்ற கருத்தில் கண்டித்தார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இது உண்டு. குருநகர்க் கரையில் நின்று கடலைப் பார்க்கிறவர்களுக்கு அந்த உவமையின் கனம் தெரியும்.

முகத்தில் கஞ்சி பூசியதற்குச் சிரித்தார்கள். உருவத்தைப் பற்றிய ஒற்றைச் சொல்லுக்குக் கடலைக் காட்டினார்கள். ஏன்? கஞ்சியைக் கழுவிக்கொள்ளலாம். ஸவ்தா அவர்களுக்குத் திருப்பிப் பூசும் வாய்ப்பும் இருந்தது. ஸஃபிய்யா அவர்கள் அந்த இடத்தில் இல்லை, இருந்திருந்தாலும் உயரத்தைக் கழுவிக்கொள்ள முடியாது. ஸூரத்துல் ஹுஜுராத்தின் பதினோராவது வசனத்தில், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம் என்று பொதுவாகச் சொன்ன பிறகும், பெண்கள் பெண்களைப் பரிகசிக்க வேண்டாம் என்று அல்லாஹ் தனியே எடுத்துச் சொல்கிறான். ஏன் தனியே சொன்னான் என்பதை நம் கலியாண வீடுகளில் சற்று நேரம் இருந்தால் விளங்கிக்கொள்ளலாம்.

நானே கேட்டது. ஒரு வலீமா விருந்து. சகனைச் சுற்றிப் பெண்பிள்ளைகள் அமர்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி சற்றுப் பருத்த பிள்ளை, பதினைந்து வயதிருக்கும். பரிமாற வந்த ஒரு மாமி, 'இவளுக்கு ஆறு பேர் சகன் ஒன்றைத் தனியே வையுங்கோ' என்றார். அறையே சிரித்தது. அந்தப் பிள்ளையும் சிரித்தாள். திரைக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்கும் அந்தச் சிரிப்புக் கேட்டது. அடுத்த கலியாணத்துக்கு அவள் வரவில்லை. தலைவலி என்றார்கள். அதற்கடுத்த கலியாணத்துக்கும் தலைவலி.

இந்தப் பிள்ளையை மனதில் வைத்துக்கொண்டு, நூலில் வரும் ஆடைக் கதையைக் கேளுங்கள். 2011இல் ஓர் அமெரிக்க வார இதழ் தன் அழகியர் சிறப்பிதழுக்காக மிண்டியைப் படமெடுக்க அழைத்தது. படப்பிடிப்பு ஒரு பள்ளிக்கூடத்தில். ஆடை கொண்டுவந்த அலங்காரக்காரர் அழகழகான கவுன்களை வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார். எல்லாமே ஈர்க்குச்சி போன்ற பெண்களுக்குத் தைத்தவை. இவருக்குப் போகக்கூடியது ஒன்றே ஒன்று: கருநீலத்தில், வடிவமே இல்லாத, சாக்குப் போன்ற ஓர் ஆடை. மிண்டி பள்ளிப் பிள்ளைகளின் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறார். எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர், முப்பது கடந்தவர், பதினைந்து வயதுப் பிள்ளை போல அழுகிறார். அழுதுகொண்டே சுவரைப் பார்த்தால், ஏதோ ஒரு பிள்ளை இந்தப் பள்ளிக்கூடத்தைத் திட்டிக் கிறுக்கி வைத்திருக்கிறது. அந்தக் கிறுக்கல் எப்படியோ தைரியம் கொடுத்ததாம்! முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, எனக்குப் பிடித்த அந்த இளஞ்சிவப்பு ஆடைதான் வேண்டும் என்றார். அது போகாது என்றார்கள். போக வையுங்கள் என்றார். கடைசியில் முதுகுப்பக்கத்தை வெட்டித் திறந்து, இடையில் துணி வைத்து ஒட்டுப்போட்டார்கள். முன்னாலிருந்து எடுத்த படத்தில் ராணி மாதிரி நிற்கிறார்.

இதில் யாரையும் அவர் கொடுமைக்காரராகக் காட்டவில்லை. தன் அழுகையைத்தான் பகிடியாக்குகிறார். வலீமா வீட்டுப் பிள்ளை சிரித்ததற்கும் இவர் சிரிப்பதற்கும் உள்ள தூரத்தை யோசித்துப் பாருங்கள். அவள் தப்பிப்பதற்காகச் சிரித்தாள்.

அமெரிக்காவில் ஒரு வழக்கம் உண்டு. பிரபலமான ஒருவரை நடுவில் உட்கார வைத்து, நண்பர்கள் ஒவ்வொருவராக எழுந்து, அவரது உடம்பையும் வயதையும் குடும்பத்தையும் சொல்லிச் சொல்லி அவமதிப்பார்கள். அவரும் சிரித்தபடி இருக்க வேண்டும். கொழுத்த காசு புரளும் நிகழ்ச்சி. இதை மிண்டி வெறுக்கிறார். இந்த ஈவிரக்கமற்ற பகிடி தனக்குப் பிடிக்கவில்லை என்று ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். சிரிப்பை விற்றுப் பிழைக்கும் ஒருவர் இப்படிச் சொல்வது சாதாரணம் அல்ல. கொத்தனாரே இந்தக் கல் வேண்டாம் என்று சொல்வது போன்றது.

நூலில் எனக்கு ஒவ்வாதவையும் உண்டு. காதலர்கள் பற்றிய பேச்சு, சில இடங்களில் கூசும்படியான வார்த்தைகள், நமக்கு யாரென்றே தெரியாத அமெரிக்க நடிகர்களின் கதைகள். அந்தப் பக்கங்களைப் புரட்டிப் போய்விட்டேன். பதின்மூன்று வயது மகள் கையில் அப்படியே கொடுத்துவிட வேண்டாம், முதலில் நீங்கள் படியுங்கள். தன் ஜனாஸாவுக்கு வருவோர் என்ன உடுத்தி வர வேண்டும் என்பது வரை நிபந்தனை போடும் ஓர் அத்தியாயமும் இருக்கிறது. எத்தனையோ வஸிய்யத்துகளைப் படித்துக் கேட்டிருக்கிறேன், இப்படி ஒன்றைப் படித்ததில்லை!

ஆனால் கணவன் மனைவியைப் பற்றிய அத்தியாயத்தைத் தவற விடாதீர்கள். மணமானவர்கள் எப்போது பார்த்தாலும் கலியாணம் என்பது கஷ்டமான வேலை என்று முறைப்பாடு சொல்லிக்கொண்டே இருக்கிறார்களே, சந்தோஷமாக இருப்பவர்கள் கொஞ்சம் அதைக் காட்டினால் என்ன என்று கேட்கிறார் இந்த மணமாகாத பெண். உதாரணத்துக்குத் தன் தாய் தந்தையையே எடுத்துக்கொள்கிறார். ஒருவர் தமிழர், ஒருவர் வங்காளி. தோட்டத்துப் பூச்செடியைப் பற்றியும், பார்க்கும் தொலைக்காட்சி நாடகத்தைப் பற்றியும் அவர்கள் இருவரும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பார்களாம். அவர்கள் ஒத்துப் போவதற்குக் காரணம் அவர்கள் கூட்டாளிகளாக இருப்பதுதான் என்கிறார். இந்தப் பக்கத்தை மனைவி எனக்கு வாசித்துக் காட்டினார். வாசித்துவிட்டுச் சற்று நேரம் என்னையே பார்த்தார். எங்கள் வீட்டு முருங்கையைப் பற்றி அன்று நான் வழக்கத்துக்கு மேல் பேசினேன்.

நூல் வெளியாகிய மூன்றாம் மாதம், 2012 ஜனவரியில், அந்தத் தாயார் கணையப் புற்றுநோயால் இறந்துபோனார். மிண்டி தன் பெயரிலேயே நடத்தப் போகும் புதிய தொடருக்கு அனுமதி வந்ததும் அதே நாளில்தான். ஆறு பருவங்கள் ஒளிபரப்பான அந்தத் தொடரில் அவர் நடித்த பாத்திரம் ஒரு மகப்பேற்று மருத்துவர், தாயார் செய்த அதே தொழில். இது தெரிந்த பிறகு பூச்செடிப் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். அது முதலில் படித்த பக்கமாக இல்லை.

பின்னாளில் அவர் வேறொரு தொடரை உருவாக்கினார். தகப்பனை இழந்த ஒரு தமிழ்ப் பிள்ளை அமெரிக்காவில் கோபமும் அழுகையும் பகிடியுமாக வளரும் கதை. 2020 முதல் 2023 வரை வந்தது. நாயகி வேண்டும் என்று அறிவித்தபோது பதினையாயிரம் பேர் விண்ணப்பித்தார்களாம். தெரிவானவர் மைத்ரேயி ராமகிருஷ்ணன், கனடாவின் மிஸிஸாகா நகரத்துப் பிள்ளை, அதுவரை தொழில்முறையாக நடித்ததே இல்லை. அவருடைய பெற்றோர் இலங்கையிலிருந்து போரின் காரணமாக அகதிகளாகக் கனடா போன தமிழர்கள். தன்னை நடிக்கவே தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட மிண்டி, ராமகிருஷ்ணன் என்ற நீண்ட பெயரைச் சுருக்காமலே ஒரு பிள்ளையைத் திரையில் நிறுத்தினார்.

எங்கள் ஒழுங்கையில் அந்தத் தொடரைப் பார்க்காத பெண்பிள்ளைகள் குறைவு. அவர்களில் பலருக்கு இந்த நூலைத் தெரியாது. இரண்டு நாளில் படித்து முடித்துவிடலாம் என்று நூலாசிரியரே முன்னுரையில் சொல்கிறார். எனக்கு அகராதியோடு ஒன்பது நாள் ஆனது. கிடைத்தால் ஆடைக் கதையிலிருந்து தொடங்குங்கள். ஆங்கிலம் தெரிந்த மகள் இருந்தால் அவளை வாசிக்கச் சொல்லி, தமிழில் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. மூக்குடைந்த இடத்தை மட்டும் அவள் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.